1871-இல் நிறுத்திய எரு

லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பென்டன் என்றொரு ஊர். அங்கே ஹூஸ்ஃபீல்டு என்ற பார்லி வயலில் ஒரு துண்டு நிலத்துக்கு 1852 முதல் 1871 வரை ஆண்டுதோறும் தொழு உரம் போட்டார்கள். அதோடு நிறுத்திவிட்டார்கள். பிறகு அந்தத் துண்டுக்கு ஒரு கூடை எருகூடப் போகவில்லை. பார்லியை விதைப்பதும் அறுப்பதும் மட்டும் தொடர்ந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து அந்த மண்ணைச் சோதித்தார்கள். எருவையே காணாத துண்டைவிட அதில் கரிமமும் தழைச்சத்தும் இன்னும் கூடுதலாகவே இருந்தன. எருவைக் கொண்டுவந்து கொட்டியவர்களின் கொள்ளுப்பேரர்கள் காலத்திலும் அது தீர்ந்தபாடில்லை.

போன பட்டத்தில் போட்டது இந்தப் பட்டத்துக்கு மிச்சம் இருக்குமா என்பதுதான் வழக்கமாக நாம் கேட்கும் கேள்வி. மண் வைத்திருப்பதோ தலைமுறைக் கணக்கு. அதைப் படிக்க வேண்டுமானால் ஒரே நிலத்தில், ஒரே முறையை, ஆள் மாறினாலும் மாற்றாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும். அந்த அளவுக்குப் பிடிவாதக்காரர்கள் சில இடங்களில் இருந்தார்கள். அவர்கள் புண்ணியத்தில்தான் ரசாயன உரம், எரு, பயிர்ச் சுழற்சி மூன்றும் மண்ணுக்குள் தனித்தனியே என்ன வேலை செய்கின்றன என்பது இன்று தெரிகிறது.

முதல் பிடிவாதக்காரர், அந்த நிலத்தின் சொந்தக்காரரான ஜான் பென்னட் லாஸ். எலும்பு போன்றவற்றைக் கந்தக அமிலத்தில் கரைத்து சூப்பர் பாஸ்பேட் உரம் தயாரிக்கும் முறைக்கு 1842-இல் காப்புரிமை பெற்றவர். மறு ஆண்டே ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற வேதியியலாளரைச் சேர்த்துக்கொண்டு, தன் ராதம்ஸ்டெட் பண்ணையில் பிராட்பால்க் என்ற வயலை நீளவாக்கில் துண்டு போட்டுக் கோதுமை விதைத்தார். ஒரு துண்டுக்கு எதுவுமே கிடையாது. ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன், அதாவது ஏக்கருக்கு 14 டன், தொழு உரம். மற்றவற்றுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவை ரசாயன உரமாக, வெவ்வேறு சேர்க்கையில். உர வியாபாரி ஒருவர் தன் சரக்கையும் மாட்டுச் சாணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டிக்கு விட்ட வயல் அது. இருவரும் 57 ஆண்டுகள் சேர்ந்து உழைத்தார்கள். அவர்கள் போன பிறகும் சோதனை நிற்கவில்லை. 1843-இல் தொடங்கியது இன்றும் நடக்கிறது.

போட்டியில் யார் ஜெயித்தார்கள்? எதுவும் போடாத துண்டு ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ கோதுமை கொடுத்து ஒப்பேற்றியது. மூன்று சத்துகளையும் போதிய அளவு பெற்ற ரசாயன உரத் துண்டும் எருத் துண்டும் நூறு ஆண்டுகளுக்கு மேல் கிட்டத்தட்டச் சமமாக விளைந்தன. மழை, களை, நோய் என்று ஆண்டுக்கு ஆண்டு ஆடும் இந்த எண்களிலிருந்து உரத்தின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி என்று பார்க்க, 1919-இல் ரொனால்டு ஃபிஷர் என்ற இளம் கணிதக்காரரை வேலைக்கு வைத்தார்கள். அவர் அங்கே உருவாக்கிய புள்ளியியல் முறைகள் பின்னாளில் வயலைத் தாண்டி மருந்துச் சோதனை வரைக்கும் போய்விட்டன.

தானியத்தை மட்டும் நிறுத்துப் பார்த்திருந்தால் எருவும் ரசாயன உரமும் ஒன்றே என்று எழுதிவிட்டு எழுந்திருக்கலாம். தரைக்குக் கீழே கதை வேறு. செடி, விலங்கு, நுண்ணுயிர் ஆகியவற்றின் மிச்சமாக மண்ணில் தங்கும் கார்பனுக்கு ‘மண் கரிமம்’ என்று பெயர். எருத் துண்டில் அது ஏறி ஏறி, எதுவும் போடாத துண்டைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் போய்விட்டது. இன்னொரு ஆச்சரியமும் உண்டு. ரசாயன உரம் மட்டும் பெற்ற துண்டில் கரிமம் குறையவில்லை. எதுவும் போடாத துண்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. பயிர் செழித்தால் வேரும் தாளும் அதிகம். அவை மண்ணுக்கே திரும்புகின்றன. ரசாயன உரம் பட்டாலே மண் செத்துவிடும் என்ற பேச்சுக்கு இந்த வயல் சாட்சி சொல்லாது.

எரு மட்டும் ஏன் அப்படிக் குவிக்கிறது? ஒரு சின்னக் கணக்கு. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து; அதாவது ஏறத்தாழ 21 கிலோ. நல்ல தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம்தான். அதே 21 கிலோவைக் கொடுக்க நான்கு டன்னுக்கு மேல் எரு வேண்டும். ஒருவர் தோளில் தூக்கிப் போகும் மூட்டைக்குப் பதிலாக ஒரு டிராக்டர் டிப்பர் நிறைய. சத்துக்காக மட்டும் என்றால் இது நஷ்ட வியாபாரம். ஆனால் அந்த நான்கு டன்னில் மீதி இருப்பது என்ன? தண்ணீரைக் கழித்துவிட்டால் பெரும்பாலும் வைக்கோல் துணுக்கும் சாண நாரும், அதாவது கரிமம். மண்ணில் வாழ்பவர்களுக்கு அதுதான் சாப்பாடு. யூரியா பயிருக்கு நேரே இலை போட்டுப் பரிமாறுகிறது. எரு முதலில் மண்வாசிகளுக்குப் போடுகிறது.

அந்த மண்வாசிகள் எத்தனை பேர்? ஒரு தேக்கரண்டி மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள், எண்ணி மாளாது. 1976-இல் ராதம்ஸ்டெட்டில் டேவிட் ஜென்கின்சனும் டேவிட் பௌல்சனும் எண்ணாமலேயே எடை போட ஒரு வழி சொன்னார்கள். மண்ணைக் குளோரோஃபார்ம் ஆவியில் வைத்து உள்ளே இருப்பவற்றைக் கொல்வது. ஆவியை வெளியேற்றிவிட்டுப் புதிதாகச் சில நுண்ணுயிர்களை விடுவது. செத்தவற்றை அவை தின்னும்போது கூடுதலாக எவ்வளவு கரியமில வாயு வருகிறதோ அதை வைத்து, முன்பு எவ்வளவு உயிர் இருந்தது என்று கணக்கிடுவது. அந்தக் கணக்கின்படி ஓர் ஏக்கர் மேல்மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் மொத்த எடை, உடம்பின் ஈரத்தையும் சேர்த்தால், டன் கணக்கில் வரும். எருத் துண்டில் ரசாயன உரத் துண்டைப்போல் சுமார் இரு மடங்கு.

இவை தின்றால் கரிமம் தீர்ந்துபோகாதா? பெரும்பகுதி தீர்ந்துதான் போகிறது. பிராட்பால்க்கில் போட்ட எருவின் கரிமத்தில் பெரும்பங்கு மூச்சாக வெளியேறிக் காற்றோடு போய்விட்டது. தங்கியது சிறு பங்கு. ஆனால் அந்தச் சிறு பங்கின் ஆயுள்தான் வியப்பு. நுண்ணுயிர்களின் உடற்கழிவும் பிசினும் களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு, மற்ற நுண்ணுயிர்கள் எட்ட முடியாத இண்டு இடுக்குகளில் ஒளிந்துகொள்கின்றன. ராதம்ஸ்டெட் மண்ணைக் கதிரியக்கக் கரிமத்தால் வயது பார்த்தபோது, மேல்மண் கரிமத்தின் சராசரி வயதே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் என்று வந்தது. ஹூஸ்ஃபீல்டில் 1871-இல் நின்றுபோன எரு இன்னும் அகப்படுவதன் ரகசியம் இதுதான்.

அந்தப் பிசினின் வேலையைச் செலவில்லாமல் பார்க்கலாம். ஆண்டுக்கணக்கில் எருவே போடாமல் உழுத வயலிலிருந்து காய்ந்த கட்டி ஒன்று; குப்பைக்குழிக்குப் பக்கத்திலோ மரத்தடியிலோ உழவு படாத இடத்திலிருந்து இன்னொன்று. இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி மெதுவாக உள்ளே விடுங்கள். முதல் கட்டி குமிழி விட்டுச் சில நிமிடங்களில் சரிந்து சேறாகும், தண்ணீர் கலங்கிவிடும். இரண்டாவது பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். தண்ணீர் புகும்போது உள்ளே சிக்கிய காற்று வெடித்து வெளியேறப் பார்க்கிறது. பிசினும் பூஞ்சை இழைகளும் துகள்களைக் கட்டிப் பிடித்திருந்தால் கட்டி தாங்கும். வயலில் முதல் மழை விழும்போதும் இதேதான் நடக்கிறது. சரியும் மண் மேலே சவ்வாகப் படிந்து முளையை அடைக்கும். தாங்கும் மண் மழையை உள்ளே வாங்கும். பிராட்பால்க்கில் கலப்பையை இழுக்கத் தேவைப்படும் விசையைக்கூட அளந்தார்கள். எருத் துண்டில் அது குறைவு.

மண்ணின் இன்னொரு சாமர்த்தியத்தைக் கண்டுபிடித்தவர் யார்க்ஷயர் விவசாயி ஒருவர். தொழுவத்திலிருந்து ஒழுகும் சத்து நீர் மண்ணுக்குள் இறங்கி வீணாகிறதா என்று எச்.எஸ். தாம்ப்ஸனுக்குச் சந்தேகம். மண்ணை ஒரு குழாயில் அடைத்து, மேலே அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலை ஊற்றினார். கீழே வந்தது கால்சியம் சல்பேட்டு! மண், அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்குக் கால்சியத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. ஜே.டி. வே என்ற வேதியியலாளர் 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை விரிவாக ஆராய்ந்தார். களிமண்ணிலும் மட்கிலும் எதிர்மின் முனைகள் உண்டு. நேர்மின் கொண்ட அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம் அவற்றில் தொற்றிக்கொள்ளும். மட்கு இதில் களிமண்ணையே தோற்கடிக்கும். நைட்ரேட்டு எதிர்மின் கொண்டது, பிடிப்பார் இல்லை. மழை வந்தால் இறங்கிவிடும்.

அப்படியானால் நிலத்தடி நீரில் கலக்கும் நைட்ரேட்டு எல்லாம் பயிர் உண்ணாமல் விட்ட உரமா? 1980-களில் ராதம்ஸ்டெட்டில் எடை கூடிய நைட்ரஜன்-15 அணுவை உரத்தில் அடையாளமாகச் சேர்த்துப் போட்டார்கள். அறுவடை முடிந்து மண்ணைச் சோதித்தால், இறங்கத் தயாராக நின்ற நைட்ரேட்டில் அடையாளமிட்ட அணுக்கள் மிகச் சொற்பம். மீதி அனைத்தும் மண்ணின் மட்கை நுண்ணுயிர்கள் உடைத்து வெளியிட்டவை. தேவைக்கேற்ப, சரியான நேரத்தில் போட்ட உரம் கிட்டத்தட்டக் கணக்குத் தீர்ந்திருந்தது. வருஷாவருஷம் 14 டன் கொட்டிய எருத் துண்டுதான் அதிகம் ஒழுகியது. நுண்ணுயிர்களுக்குப் பயிரின் காலண்டர் தெரியாது. ஈரமும் சூடும் கிடைத்தால் வயல் காலியாக இருந்தாலும் சமைத்துக்கொண்டே இருக்கும். எருவுக்கும் அளவு உண்டு.

ரசாயன உரத்தின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அம்மோனிய உரத்தை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அமிலம் பிறக்கிறது. பிராட்பால்க்கில் முந்தைய தலைமுறைகள் சுண்ணாம்பைக் கொட்டி வைத்திருந்ததால் அது பெரிதாகத் தெரியவில்லை. அதே பண்ணையில் 1856-இல் தொடங்கிய பார்க் கிராஸ் என்ற புல்வெளியில் அந்தக் காப்பு இல்லை. அங்கே அம்மோனியம் சல்பேட்டு வாங்கிவந்த, சுண்ணாம்பு படாத துண்டுகளில் கார அமில நிலை 4-க்கும் கீழே போய்விட்டது. ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. நம் வீட்டுத் தயிரைவிடப் புளித்த மண் அது. மண்புழு அங்கே தங்காது. செத்த புல் மட்காமல் மேலே மெத்தையாகப் படிந்து கிடக்கிறது.

நம் நாட்டிலேயே இதன் கடுமையான வடிவம் உண்டு. இமாச்சலப் பிரதேசத்தின் பாலம்பூரில் 1970-களில் மக்காச்சோளம், கோதுமை என்று மாற்றி மாற்றிப் பயிரிடும் நீண்டகால உரச் சோதனை தொடங்கியது. அங்கே மண் முன்பே அமிலம். தழைச்சத்தை மட்டும் பெற்ற துண்டில் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, கடைசியில் பூஜ்யத்தைத் தொட்டது. அமிலம் மிஞ்சினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கிவிடும். தவிர, யூரியா வேகத்தில் வளர்ந்த பயிர் மற்ற சத்துகளையும் சுரண்டித் தீர்த்திருந்தது. அதே வயலில் மூன்று சத்தோடு தொழு உரமோ சுண்ணாம்போ பெற்ற துண்டுகள் நன்றாகவே விளைந்தன. ஆக, மண்ணைச் சாய்த்தது ‘ரசாயனம்’ என்ற பொதுப்பெயர் அல்ல. ஒரே சத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டது.

இனி மூன்றாவது ஆள்: பயிர்ச் சுழற்சி. லாஸும் கில்பர்ட்டும் 1848-இல் ஆக்டெல் என்ற வயலில் டர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் அல்லது அவரை, கோதுமை என்று நான்காண்டுச் சுழற்சியைத் தொடங்கினார்கள். அது 1951 வரை நடந்தது. அவரைக் குடும்பப் பயிருக்குப் பின் வரும் தானியம் செழிக்கும் என்பது எல்லா நாட்டு உழவருக்கும் தெரிந்த சங்கதி. தழைச்சத்து எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை. காற்றிலிருந்தா? 1850-களின் கடைசியில் இருவரும் அதைச் சோதித்தார்கள். வேறு சத்து கலந்துவிடக் கூடாது என்று மண்ணைச் சுட்டு, கண்ணாடிக் கூண்டில் வைத்துச் செடி வளர்த்தார்கள். காற்றிலிருந்து எதுவும் வரவில்லை என்று முடிவு வந்தது. சோதனையில் பழுது இல்லை, சுத்தம்தான் மிஞ்சிவிட்டது. சுட்டதில் செத்துப்போன பாக்டீரியாதான் அந்த வேலையைச் செய்வது என்று 1886-இல் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் காட்டினார்கள்.

அந்த பாக்டீரியா குடியிருக்கும் வீட்டை வயலில் பார்க்கலாம். ஒரு மாத வயது உளுந்துச் செடியை மண்ணோடு பெயர்த்து, வேரை மெதுவாகக் கழுவுங்கள். கடுகளவும் மிளகளவுமாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. பச்சையோ வெளுப்போ என்றால் இல்லை. அந்தச் சிவப்பு நம் ரத்தச் சிவப்பின் உறவு: லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம். காற்றின் நைட்ரஜனை உடைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது. ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. இந்த இக்கட்டை அவிழ்க்கத்தான் செடி இந்தப் புரதத்தைச் செய்து, ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுக்கிறது. யூரியா ஆலை நானூறு டிகிரிக்கு மேல் வெப்பத்திலும் காற்றழுத்தத்தைப்போல் நூற்றைம்பது மடங்குக்கு மேல் அழுத்தத்திலும் செய்வதை, இந்த மிளகு ஈர மண்ணின் குளிர்ச்சியில் செய்து முடிக்கிறது.

சும்மா செய்வதில்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறுகள் பதினாறு செலவாகும். அதற்கான சர்க்கரையைச் செடி கொடுக்க வேண்டும். அதனால் மண்ணில் நைட்ரேட்டு தாராளமாகக் கிடைத்தால் செடி கணக்குப் பார்க்கும்: முடிச்சு வளர்ப்பதைக் குறைத்துவிடும். பயறுக்கு அள்ளிப் போட்ட யூரியா இலவசமாக ஓடும் ஆலையை இழுத்து மூடுகிறது. மணிச்சத்து நேர் எதிர். ஏடிபிக்குள்ளேயே பாஸ்பேட் இருக்கிறது. ஆக்டெல்லில் எதுவும் பெறாத துண்டுகளில் டர்னிப் ஏறக்குறைய விளையவே இல்லை; மணிச்சத்தும் சாம்பல் சத்தும் பெற்ற துண்டுகளில் குளோவர் செழித்து, அடுத்து வந்த கோதுமைக்குத் தழைச்சத்தைச் சேர்த்துவைத்தது. நம்மூரில் உளுந்து பூக்கும் பருவத்தில் இரண்டு சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பதும் செடிக்கு மணிச்சத்து குறையாமல் இருக்கத்தான்.

சுழற்சி தழைச்சத்தோடு நிற்பதில்லை. 1968-இல் பிராட்பால்க்கின் ஒரு பகுதியில் கோதுமைக்கு இடையே வேறு பயிர்களை நுழைத்தார்கள். இரண்டாண்டு இடைவெளிக்குப் பின் வந்த கோதுமை, அதே உரத்தில், விடாமல் கோதுமையே கண்ட பகுதியைவிட நன்றாக விளைந்தது. முக்கியக் காரணம், டேக்-ஆல் என்ற வேரழுகல் நோய். அந்தப் பூஞ்சை கோதுமை வேரிலும் அதன் மிச்சத்திலும் பிழைப்பது. இடையில் அவரை வந்தால் பட்டினி கிடந்து மெலிந்துவிடும். எந்த மூட்டையாலும் வாங்க முடியாத உதவி இது.

ராதம்ஸ்டெட்டின் பிடிவாதம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அதே மாதிரியில் 1909-இல் கோயம்புத்தூரில் நிரந்தர எருச் சோதனை தொடங்கியது. கான்பூர், பூசா ஆகியவற்றோடு இந்தியாவின் மிகப் பழைய சோதனைகளில் ஒன்று. 1970-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுதும் நீண்டகால உரச் சோதனைகளைத் தொடங்கியபோது கோவையும் அதில் சேர்ந்தது. அங்கே கேழ்வரகும் மக்காச்சோளமும் மாறி மாறி வருகின்றன. மண் வேறு, மழை வேறு, பயிர் வேறு. ஆனாலும் இந்த மையங்களிலிருந்து பொதுவாக வரும் சேதி ஒன்றே: மூன்று சத்துகளும் தொழு உரமும் சேர்ந்த துண்டுதான் விளைச்சலிலும் மண் கரிமத்திலும் முன்னால் நிற்கிறது.

எல்லா வயலுக்கும் 14 டன் எருவுக்கு எங்கே போவது? அவ்வளவு மாடு இல்லை. இங்கேதான் டெல்டா உழவரின் பழைய யுக்தி கைகொடுக்கிறது. நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூவெடுக்கும் நேரத்தில் மடக்கி உழுதால் எருவும் தழைச்சத்தும் வயலிலேயே விளைந்துவிடும். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கும் நெல்லுக்குள் உளுந்தைத் தூவிவிட்டால் உழவில்லை, பாசனமில்லை. மிச்ச ஈரத்திலும் பனியிலும் வளரும். ஒரு சங்கதியில் மட்டும் கவனம் வேண்டும். சேர்த்த தழைச்சத்தில் பெரும்பங்கு பருப்போடு களத்துக்குப் போய்விடும். செடியை வேரோடு பிடுங்கினால் மிச்சமும் கூடவே போகும். தரையோடு ஒட்ட அறுத்தால் வேரும் முடிச்சும் உதிர்ந்த இலையும் அடுத்த பயிருக்குத் தங்கும்.

மண்வள அட்டையில் பன்னிரண்டு எண்கள் இருக்கும். பலரும் தழை, மணி, சாம்பல் மூன்றையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அங்கக் கரிமம் என்ற வரியையும் பாருங்கள். அரை சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு என்று பொருள். தழைச்சத்தும் துத்தநாகமும் குறைந்தால் ஒரே பட்டத்தில் ஒரு மூட்டையால் ஈடுகட்டிவிடலாம். கரிமத்தை ஏற்றும் மூட்டை எந்த உரக்கடையிலும் இல்லை. அதை ஏற்றத் தெரிந்தவை எருவும், தழையும், பயறும், கூடவே பல பட்டங்களின் பொறுமையும்தான்.